பெர்சிஸ் அத்தையின் வண்டியும் தன்லியின் பாலமும்

பெர்சிஸ் அத்தையின் வண்டி யாங்கூனின் பசுந்தாங் தெருவில் திரும்பும்போது, ஊருக்குப் புதியவர்கள் ஏமாந்துபோவார்கள். காய்கறி ஏற்றிய சின்ன லாரி வருகிறது என்று காது சொல்லும். நிமிர்ந்து பார்த்தால் நீள மூக்கும் மடக்குக் கூரையுமாக ஓர் அமெரிக்கக் கார், மூக்கின் நடுவில் ஓடும் குதிரைச் சின்னத்தோடு, மொஹிங்கா நூடுல்ஸ் கடையின் முக்காலிகளை உரசாமல் ஊர்ந்து வரும்.

அத்தையின் அப்பா அருள்ஜோதி கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. ஊரைவிட்டுப் போன ஒரு தூதரக அதிகாரியிடமிருந்து அந்தக் காரை வாங்கினார். எட்டு சிலிண்டர் இஞ்சின். ஸ்டியரிங் இடப்பக்கம் என்பதால், சாலையின் வலப்பக்கம் ஓட்டும் இந்த ஊரில் சரியான பக்கம் உட்கார்ந்து ஓட்டிய சிலரில் அவரும் ஒருவர். ஆனால் அது பெட்ரோலை அளந்து கொடுத்த காலம். கூப்பனுக்குக் கிடைத்த பெட்ரோல் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் தீர்ந்துவிடும். சில வருடம் பொறுத்துப் பார்த்தார். பிறகு இஞ்சினைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஜப்பான் சிறு லாரியின் டீசல் இஞ்சின் ஒன்றை அங்கே வைத்தார். யாங்கூனில் இது அதிசயமில்லை. இங்கே உடம்பு ஒரு நாட்டிலிருந்தும் இஞ்சின் இன்னொரு நாட்டிலிருந்தும் வந்திருக்கும். கியர்பாக்ஸ் யாருடையது என்று கேட்பது மரியாதையில்லை.

அப்பாவுக்குப் பிறகு அத்தை அதைக் கல்யாண வண்டியாக்கினாள். மிஷன் பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டே, சனி ஞாயிறுகளில் பெண்ணையோ மாப்பிள்ளையையோ ஏற்றிக்கொண்டு போவாள். கிறிஸ்தவக் கல்யாணம், இந்தியர்கள் கூடி வாழும் பபேடான் தெருக்களில் மாப்பிள்ளை அழைப்பு, பர்மியக் குழந்தைகளுக்குக் காவி உடுத்தும் ஊர்வலம், எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "வாராவாரம் கல்யாணத்துக்குத்தானே போறேன், இன்னும் என்ன?" என்பாள்.

நான் பல வருடங்கள் வெளியூர்களில் அலைந்துவிட்டு, போன மழைக்காலத்தில் திரும்பினேன். எந்த ஊரிலும் தங்கிப் பழகாததால் வீட்டில் உட்கார முடியவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து, பூ அலங்காரம் காற்றில் பிய்ந்து போகாமல் பார்த்துக்கொள்ள அத்தைக்கு ஆள் வேண்டியிருந்தது. அப்படித்தான் அவளோடு சுற்றத் தொடங்கினேன்.

ஆற்றுக்கு அக்கரையிலுள்ள தன்லியின் என்ற ஊரில் நடந்த ஒரு கல்யாணத்தில்தான் வண்டியின் மானம் போனது. பாலத்தின் ஏற்றத்தில், பெண்ணும் பெற்றோரும் பெட்டிகளுமாக, வண்டி மூச்சு வாங்கி நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் இறங்கித் தள்ளினார்கள். பெண்ணை ஒரு டாக்ஸியில் மாற்றி ஏற்றினோம். வெள்ளைக் கவுனின் வால் டாக்ஸியின் கதவில் சிக்கியது. யாரோ இதையெல்லாம் கைப்பேசியில் படம் பிடித்து, "குதிரையைத் தள்ளும் மனிதர்கள்" என்று பர்மிய மொழியில் தலைப்புப் போட்டுப் பரப்பிவிட்டார்கள். அதன் பிறகு அத்தையைக் கூப்பிடுவது குறைந்துபோனது.

கூப்பிட்டவர்களில் ஒருவன் புதிதாகக் காபிக்கடை திறக்கும் பையன். வண்டியைக் கடைக்குள் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்த வேண்டுமாம். இஞ்சினை எடுத்துவிட்டுப் பின்சீட்டுக்கு நடுவில் மேசை போடுவானாம். மரியாதையானவன், நல்ல விலையும் சொன்னான். அத்தை அன்றிரவு சாப்பிடவில்லை.

"உக்காந்து போட்டோ எடுத்துக்குவாங்க" என்றாள் மறுநாள். "வண்டிக்குள்ள உக்காந்து காபி குடிச்சுக்கிட்டு, ஓட்டுற மாதிரி கைய வச்சுக்கிட்டு."

"முடியாதுன்னு சொல்லிடுங்களேன் அத்தை."

"ஓடாத வண்டிய வீட்டுல வச்சாலும் அதேதானே?"

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். இன்னொரு தன்லியின் கல்யாணம் கையில் இருந்தது. பெண்ணின் பெயர் செலின். அவள் அம்மா தன் கல்யாணத்துக்கு இதே வண்டியில்தான் கோயிலுக்குப் போனாளாம். அதனால் படத்தைப் பார்த்த பிறகும் செலின் வேறு வண்டி வேண்டாம் என்றுவிட்டாள். அன்றைக்கு முழுப் பாரத்தோடு பாலம் ஏறினால் வண்டி அத்தையிடமே இருக்கும். ஏறாவிட்டால் காபிக்கடைக்கு. அந்தப் பையனிடமும் அப்படியே சொல்லி, கல்யாணம் முடியும்வரை காத்திருக்கச் சொன்னாள்.

பசுந்தாங் கால்வாயை ஒட்டிய மெக்கானிக் சர்ஃபராஸின் பட்டறைக்குப் போனோம். சர்ஃபராஸுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கையைவிட வாய் அதிகம் வேலை செய்யும், ஆனாலும் கை நல்ல கை.

"அக்கா, இதுக்கு வலு பத்தல. அவ்வளவுதான் நோய்" என்றான். "டீசல் பம்புல ஒரு திருகு இருக்கு. கொஞ்சம் திருப்பினா இஞ்சின் கூடுதலாக் குடிக்கும். குடிச்சா தெம்பு வரும்."

"குடிச்சவன் தெம்பு எப்படின்னு எனக்குத் தெரியும்டா. நிதானமாத் திருப்பு."

அவன் நிதானமாகத் திருப்பவில்லை. தெம்பு வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அதற்கடுத்த வாரம் பபேடானில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை பின்சீட்டின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தார். வண்டிக்குப் பின்னால் பெண்கள் சீர்த்தட்டுகளோடு நடந்து வந்தார்கள். அழைப்பு வண்டி நடப்பவர்கள் வேகத்தில்தான் போக வேண்டும். பத்தடிக்கு ஒருமுறை யாராவது மாலை போட நிறுத்துவார்கள். நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் அது பின்னால் ஒரு கரும்புகைப் பந்தைத் துப்பியது. கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது தட்டிலிருந்த வெற்றிலை, பட்டு, தேங்காய் எல்லாம் ஒரே நிறம். மாப்பிள்ளையின் பெரியம்மா தைலம்மாள் மூக்கைத் துடைத்துக் கைக்குட்டையைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார்.

"வலு வந்துச்சா இல்லியா, அக்கா?" என்று சர்ஃபராஸ் கேட்டான்.

"வந்துச்சு. சீர்த்தட்டுல வந்து உக்காந்துச்சு."

திருகைப் பழையபடி திருப்பிவிட்டு, அவன் இஞ்சின் மூடியின் மேல் சாய்ந்து நின்றான். "இதுக்கு மேல இந்த இஞ்சின்ல ஒண்ணும் கெடைக்காது. அதோட சொந்த இஞ்சின் எங்கக்கா? அது இருந்தா பாலம் என்ன, மலையே ஏறும்."

அந்தக் கேள்வியை அத்தை பல வருடமாகத் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"தன்லியின்ல இருக்கு" என்றாள். "இராமையா மாமா மில்லுல."

அருள்ஜோதி அந்த இஞ்சினைத் தன் நண்பர் இராமையாவின் நெல் ஆலைக்குக் கொடுத்திருந்தார். விற்றார் என்றும் சொல்ல முடியாது. கொடுக்கும்போது ஒரே ஒரு பேச்சு: தான் கேட்டாலும் தன் மகள் கேட்டாலும் திருப்பித் தந்துவிட வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லை. இரண்டு பேரும் இப்போது உயிரோடு இல்லை.

மறுநாளே மூன்று பேரும் வண்டியில் கிளம்பினோம். மூன்று பேர் என்றால் பாலம் ஏறும், பெருமூச்சு விட்டுக்கொண்டே. சர்ஃபராஸ் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான், தன் உடம்பின் எடையை இஞ்சினுக்குக் கடன் கொடுப்பவன்போல. ஏற்றத்தில் அத்தை திடீரென்று பேசத் தொடங்கினாள்.

"சின்னப் பிள்ளையில அப்பா என்னை ஏர்போர்ட் ரோட்டுல கூட்டிட்டுப் போவாரு. காலியான ரோடு. ஒரு மிதி மிதிப்பாரு. முதுகு போய் சீட்டுல ஒட்டிக்கும், வயிறு மட்டும் அங்கயே நிக்கும். அப்பா சிரிப்பாரு." கியரைக் குறைத்தாள். "நான் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டப்ப அந்த இஞ்சின் போயிடுச்சு. இத்தனை வருஷமா நான் ஓட்டினது வெறும் கூடு. என் கால்ல அந்த இழுப்பு ஒருதரமாச்சும் வந்ததில்ல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்குப் பாலம் மட்டும் பிரச்சினை இல்லை.

இராமையாவின் மகள் மஞ்சுளா ஆலை வாசலில் நின்றிருந்தாள். கன்னத்தில் சந்தனம்போல் அரைத்த தனக்கா மரப்பட்டைப் பூச்சு, அதன்மேல் உமித்தூசி. தமிழில் பேசினாலும், பர்மியர்களைப்போல முடிவில் 'இல்லையா' என்ற பொருளில் ஒரு 'நோ' போடுவாள்.

"வாங்கக்கா. வருவீங்கன்னு தெரியும் நோ. அந்தப் படத்தை நானும் பாத்தேன்."

"நீயுமா?"

"எங்க மில்லுல வேலை செய்யிற எல்லாரும் பாத்தாங்க. ரெண்டு தரம்."

இஞ்சின், கொட்டகையின் மூலையில் சிமெண்ட் மேடை மேல் இருந்தது. எட்டு சிலிண்டரின் அகன்ற தோள்கள், மேலே பழைய நீலச் சாயம் இன்னும் சில இடங்களில். பக்கத்தில் இரும்பு உலை ஒன்று. அதில் உமியைக் காற்று குறைத்துப் புகையவிடுகிறார்கள். வரும் வாயுவைத் தண்ணீரில் கழுவிக் குழாய் வழியாக இஞ்சினுக்கு விடுகிறார்கள். டெல்டா ஊர்களில் பல ஆலைகள் இப்படித்தான் ஓடுகின்றன. உமி ஆலையிலேயே கிடைப்பது. டீசல் இஞ்சின் அந்த வாயுவை மட்டும் வைத்து ஓடாது. பெட்ரோல் இஞ்சின் ஓடும். பெட்ரோலைக் குடித்தே அருள்ஜோதியைப் பயமுறுத்திய இஞ்சின், இங்கே உமிப்புகையில் காலம் தள்ளிக்கொண்டிருந்தது. பகலில் நெல் அரைப்பு. இப்போதெல்லாம் கரண்டு வந்தாலே ஆச்சரியம் என்பதால், மாலையில் அதே இஞ்சின் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றியது, வீடுகளுக்கு விளக்குக் கொடுத்தது.

"எடுத்துட்டுப் போங்க" என்றாள் மஞ்சுளா, நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே. "அப்பா சாகும்போதும் சொன்னாரு. அருள்ஜோதி அண்ணன் வீட்டுல கேட்டா மறுபேச்சு பேசக் கூடாதுன்னு. நாங்க வேற இஞ்சின் தேடிக்குறோம்."

"தேடுற வரைக்கும்?"

"மெழுகுவத்தி ஏத்துவோம். ஏத்தாத மெழுகுவத்தியா. யா பாதே, பரவால்ல நோ."

அவள் குரலில் குத்தல் இல்லை. அது இருந்திருந்தால் அத்தைக்கு எளிதாக இருந்திருக்கும்.

சர்ஃபராஸ் இஞ்சினைச் சுற்றி வந்தான், மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்ப்பவனைப்போல. "நல்லா வச்சிருக்கீங்கக்கா. தார் மட்டும்தான் பிடிச்சிருக்கு. சுத்தம் பண்ணி கார்புரேட்டர் போட்டா..." அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை, கண் மின்னியது.

"ஓடவிட்டுப் பாக்கலாமா?" என்று அத்தை கேட்டாள்.

உலை சூடாகி வாயு வரும்வரை, கொஞ்சம் பெட்ரோல் ஊற்றித்தான் அதைக் கிளப்புவார்களாம். மஞ்சுளா ஒரு குப்பியில் பெட்ரோல் எடுத்து வந்தாள். ஆலையில் வேலை செய்யும் ஆள் சாவியைத் திருப்பினான். முதலில் இருமல். பிறகு ஒரு கனத்த முழக்கம், காதுக்கு வருவதற்கு முன் காலடி மண்ணில் வந்தது.

"அந்த லீவர்தான் அக்கா, ஆக்ஸிலேட்டர் மாதிரி" என்றாள் மஞ்சுளா. "கொஞ்சம் தள்ளிப் பாருங்க."

அத்தை சட்டென்று கை வைக்கவில்லை. ரவிக்கையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தள்ளினாள். தகரக் கூரையிலிருந்து தூசி கொட்டியது. குருவிகள் கூட்டமாக வெளியே பறந்தன. சர்ஃபராஸ் வாயைப் பிளந்து நின்றான். அத்தையின் முகத்தில் சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று. இன்னும் தள்ளினாள். மேடையே நடுங்கியது. அத்தையின் முதுகு தானாகப் பின்னால் சாய்ந்ததை நான் பார்த்தேன், அங்கே சீட்டு எதுவும் இல்லாதபோதும்.

குப்பிப் பெட்ரோல் தீர்ந்து உமி வாயுவுக்கு மாறியதும் சத்தம் இறங்கிச் சீரானது. அத்தை கையை எடுத்துவிட்டாள்.

டீ குடிக்க உட்கார்ந்தோம். வெளியில் பொழுது சாயத் தொடங்கியிருந்தது. உள்ளே அரைவை எந்திரம் ஈர நெல்லில் திணறியது. வேலையாள் ஓடிப்போய், எந்திரத்தின் பக்கமிருந்த சின்ன சக்கரத்திலிருந்து பெல்ட்டை எடுத்துப் பெரிய சக்கரத்தில் மாட்டினான். எந்திரம் மெதுவாக, ஆனால் அசையாத பிடிவாதத்தோடு, அதே நெல்லைத் தின்னத் தொடங்கியது. இஞ்சினின் சத்தத்தில் மாற்றமே இல்லை.

அத்தை டீக்கோப்பையைக் கீழே வைத்தாள். "மஞ்சு, இப்ப என்ன பண்ணினான்?"

"ஈர நெல்லுக்கா. வேகம் வேணாம், பிடி வேணும். பெரிய சக்கரத்துல போட்டா மெதுவாச் சுத்தும், மாட்டிக்காது."

"இஞ்சின்ல ஒண்ணும் தொடலியே?"

"இஞ்சின் என்ன பண்ணும் பாவம். அது பாட்டுக்கு ஓடுது."

அத்தை சர்ஃபராஸ் பக்கம் திரும்பினாள். "நம்ம வண்டியில அந்தச் சக்கரம் எங்கடா இருக்கு?"

சர்ஃபராஸ் வாயில் இருந்த பிஸ்கட்டை மென்று முடிக்காமலே நிறுத்தினான். எழுந்தான். வெளியே போய், இருந்த நல்ல சட்டையோடு வண்டியின் பின்பக்கம் தரையில் படுத்து அடியில் நுழைந்தான். உள்ளேயிருந்து தன்னையே திட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"என்னடா?"

"அக்கா, இஞ்சினை மாத்தினாங்க, கியர்பாக்ஸை மாத்தினாங்க. பின் அச்சை மாத்தவேயில்ல. நடுவுல இருக்கிற பல்சக்கரம் இன்னும் அந்த எட்டு சிலிண்டருக்குச் செஞ்சதுதான். ஒரு சுத்துக்கு நீளமா ஓடணும்னு செஞ்சது. இந்தச் சின்ன இஞ்சின் அதைப் போட்டு இத்தனை வருஷமா இழுக்குது."

"நீ இத்தனை வருஷமா எதைப் பாத்த?"

"முன்னாடியே பாத்துக்கிட்டிருந்தேன்கா. யார் பின்னாடி பாப்பாங்க?"

மஞ்சுளா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவளுக்கும் புரிந்தது என்று நினைக்கிறேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இனி இரண்டு வழி. சிறு லாரியின் பின் அச்சை வாங்கிப் பொருத்தினால் பாலம் ஏறும், ஆனால் வண்டி என்றைக்கும் வேகமாக ஓடாது. வாக்குப்படி பழைய இஞ்சினை எடுத்துக்கொண்டால் வண்டிக்கு ஏற்றமும் வேகமும் கிடைக்கும். சர்ஃபராஸ் கார் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி அத்தையைப் பார்த்தான். எது வேண்டும் என்று அவன் முகம் சொல்லிவிட்டது. அவனுக்கு அந்த எட்டு சிலிண்டர்தான் வேண்டும்.

அப்போது விளக்குகள் எரிந்தன. ஆலையாள் கம்பியை மாற்றி இஞ்சினின் கரண்டைத் தெருவுக்கு விட்டிருந்தான். தெரு முழுக்கக் குழந்தைகள், "மீ லா பீ! மீ லா பீ!" என்று கத்தினார்கள். கரண்டு வந்துவிட்டது என்று யாங்கூன் பிள்ளைகள் கத்தும் அதே கூச்சல். எதிர்வீட்டில் ஒரு பெண் வாளியைக் குழாயடிக்கு இழுத்தாள்.

நான் எத்தனையோ ஊர்களில் இருட்டிலும் வெளிச்சத்திலும் இருந்திருக்கிறேன். எந்த ஊரிலும் வெளிச்சம் எந்தக் கொட்டகையிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்ததில்லை.

அத்தை எழுந்து இஞ்சின் கொட்டகைக்குள் மறுபடி போனாள். நாங்கள் யாரும் கூடப் போகவில்லை. வெளியே வந்தபோது உள்ளங்கை கறுப்பாக இருந்தது.

"மஞ்சு, உங்கப்பா வாக்கை நீ காப்பாத்திட்ட. நான் கேக்குறதுக்கு முன்னாலயே நீ தந்துட்ட. இப்ப நான் உனக்குத் தர்றேன். இனி எங்க வீட்டுலருந்து யாரும் கேட்டு வர மாட்டாங்க."

மஞ்சுளா ஏதோ சொல்ல வந்தாள். அத்தை கையை உயர்த்தினாள். "நோ?" என்றாள், மஞ்சுளாவைப்போலவே இழுத்து.

"நோ" என்றாள் மஞ்சுளா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சரியான பின் அச்சு கிடைக்கவில்லை, கிடைத்தது அகலம் கூடியிருந்தது, வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. கரண்டு வரும் நேரம் பார்த்து வெல்டிங் செய்தான் சர்ஃபராஸ். முடிந்தபோது முன்சக்கரங்களுக்கு ஐந்து நட்டு, பின்சக்கரங்களுக்கு ஆறு. "யாரும் எண்ண மாட்டாங்க" என்றான். பழைய வட்டமூடிகளை ஆறு நட்டின் மேல் தட்டித் தட்டி மாட்டினான்.

செலினின் கல்யாணத்தன்று வண்டியில் பெண், அம்மா, மாமா, நான், அத்தை, மடியிலெல்லாம் பெட்டிகள். பாலத்தின் அடியில் மாமா சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். "தள்ளணும்னா முன்னாலயே சொல்லிடு பெர்சிஸ், கோட்டைக் கழட்டி வச்சுடறேன்."

"வாய மூடிக்கிட்டு வாங்கண்ணே. வெயிட்டு குறையும்."

ஏற்றம் தொடங்கியது. இஞ்சின் கத்தியது, அது உண்மை. சின்ன ஆள் பெரிய மூட்டையைத் தூக்கும்போது விடும் சத்தம். வேகம் சைக்கிள்காரன் வேகம்தான். ஆனால் குறையவில்லை. அத்தையின் கை கியரின் மேலேயே இருந்தது, குறைக்கத் தயாராக, குறைக்க வேண்டியிருக்கவில்லை. டாக்ஸிகள் தாண்டின, சரக்கு லாரிகள் தாண்டின, ஒரு மோட்டார் மூன்றுசக்கர வண்டிகூடத் தாண்டியது. செலின் வெள்ளை வலையைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலத்தின் உச்சியில் அத்தை ஒரு பெருமூச்சு விட்டாள். மாமா பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

கோயிலுக்குள் பாட்டுத் தொடங்கியபோது அத்தை வெளியே வேப்பமர நிழலில் நின்று காபிக்கடைப் பையனிடம் கைப்பேசியில் பேசினாள். பர்மிய மொழியில், மிக மரியாதையாக, வண்டி விற்பதற்கில்லை என்றாள். அவன் விலையைக் கூட்டியிருக்க வேண்டும். அத்தை தலையை ஆட்டிக்கொண்டே கேட்டு, மறுபடி அதையே சொன்னாள்.

திரும்பி வரும்போது வண்டியில் நாங்கள் இரண்டு பேர்தான். பாலத்தின் ஏற்றத்தில், கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டேன். "அத்தை, அந்த இஞ்சின் வேணும்னு இப்பவும் தோணுதா?"

"தோணும். ஏன் தோணாம இருக்கணும்?" என்றாள். ஒரு நொடி காலை முழுக்க அழுத்தினாள். இஞ்சின் உரக்கக் கத்தியது. வேகம் கொஞ்சமும் கூடவில்லை. காலைத் தளர்த்திக்கொண்டாள்.

பின்னால் ஒரு மூங்கில் லாரி பொறுமையிழந்து ஹாரன் அடித்தது. அத்தை வண்டியை ஓரமாக்கி, ஜன்னல் வழியே கையை நீட்டி அதற்கு வழி காட்டினாள்.

"போ ராசா, போ. நான் வர்றேன்."